ஐந்து கோழிகளின் வருகைப் பதிவேடு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதோடு களைத்துப்போய் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, ஓர் அலுவலகத்தின் கூட்ட அறையில் கோழியைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர் இயக்குநர். மூன்று நாள் ஏசி அறையில் நடந்த சுற்றுச்சூழல் கருத்தரங்கிலிருந்து அன்று காலைதான் திரும்பியிருந்தார்.

தோட்டக்காரரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் காய்கறித் தோட்டம் இருபத்திரண்டு வருடமாக அவர் பொறுப்பு. கேன்டீனுக்குக் கத்தரிக்காயும் கீரையும் அங்கிருந்துதான் போகும். ஆகவே ‘துறை வல்லுநர்’ என்ற முறையில் வாசலோரமாக நிற்க அனுமதி கிடைத்தது.

“கோழி பூச்சியைத் தின்னுமா?” என்றார் இயக்குநர்.

“ஒண்ணு விடாதுங்க. புழு, நத்தை, கரையான், எல்லாத்தையும் பொறுக்கிடும்.”

“மண்ணைக் கிளறுமாமே?”

“நாலு நாள் விட்டுப் பாருங்க, பொலபொலன்னு ஆக்கிடும். களையைக் கொத்திடும். கேன்டீன்ல மிஞ்சறதைத் தின்னு தீர்த்துடும். அதோட எச்சத்தை மக்க வெச்சுப் போட்டா, அதுக்கு மேல உரம் கிடையாதுங்க!” தோட்டக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் அவரை யாரும் இவ்வளவு பேசவிட்டதில்லை.

“பிரமாதம்!” என்றார் இயக்குநர். “அப்போ நீங்க எதுக்கு?”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தோட்டக்காரர் பணியிடம் ஒன்று ஒழிக்கப்பட்டது. கோழிப் பணியிடங்கள் ஐந்து உருவாக்கப்பட்டன.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “கேட்டதுக்கு ஆமா இல்லைன்னு சொல்லிட்டு வராம, கோழிக்கு மாப்பிள்ளை தேடற தரகர் மாதிரி அளந்துட்டு வந்திருக்கீங்களே!”

“உண்மையைத்தானே சொன்னேன்?”

“அந்த உண்மையை நாளைக்கு உலையில போடுங்க, வேகுதான்னு பார்ப்போம்.”

கோழிகள் பணியில் சேர்ந்தன. சும்மா சொல்லக் கூடாது, முதல் நாள் அவை உழைத்த உழைப்பை அந்த அலுவலகம் அதற்கு முன் கண்டதே இல்லை. மத்தியானத்துக்குள் இரண்டு பாத்தி கிளறியாகிவிட்டது. ஆனால் நாலரை மணிக்கு அவற்றில் ஒன்று, இயற்கை உரத்தின் மாதிரி ஒன்றை இயக்குநரின் புது ஷூ மேல் சமர்ப்பித்துவிட்டது. ஐந்து மணிக்குச் சுற்றறிக்கை வந்தது: ‘வளாகத் தூய்மையை முன்னிட்டு, கோழிகள் இனி நடமாடவோ கிளறவோ கூடாது.’ அவற்றுக்கு அழகான கூண்டு வந்தது. கூண்டுக்கு ஃபேன் வந்தது. வாரம் ஒருமுறை டாக்டர் வந்தார். கோழிகளும் ஃபேனுக்கடியில் உட்கார்ந்தபடியே சுற்றுச்சூழலைக் காத்துவந்தன.

மூன்றே வாரத்தில் கத்தரி இலையெல்லாம் சல்லடையானது. பசுமை விருதுக் குழு வருவதற்கோ ஒரு மாதம்தான் இருந்தது. தோட்டக்காரருக்கு ஆள் போயிற்று.

“பழைய வேலையே தர்றீங்களா ஐயா?”

“அந்தப் பணியிடம்தான் ஒழிஞ்சுபோச்சே! நீங்க கோழிகளின் சார்பா வேலை பார்ப்பீங்க. கோழி என்னென்ன செய்யும்னு அன்னிக்கு அழகா சொன்னீங்களே, அதையெல்லாம் செய்ங்க.”

வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவளை அலுவலகமே ரெஜிஸ்டர் அக்கா என்று கூப்பிடும். அவளைவிடப் பத்து வயது மூத்த தோட்டக்காரருக்கும் அவள் அக்காதான். அவர் பதிவேட்டைப் புரட்டித் தன் பெயரைத் தேடினார். இருந்தது, குறுக்கே ஒரு சிவப்புக் கோட்டோடு. இருபத்திரண்டு வருடம் தினமும் பார்த்த பெயர். அந்தக் கோட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“எங்கே அக்கா கையெழுத்துப் போட?”

“கோழி எண் ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் போடுங்கண்ணே. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க.”

அன்றிலிருந்து தினமும் ஐந்து கையெழுத்து. குனிந்து குனிந்து புழு பொறுக்கினார். அதைக் கொண்டுபோய்க் கோழிகளுக்கு ஊட்டினார். மண்ணைக் கிளறினார். களை பிடுங்கினார். எச்சத்தைச் சுமந்துபோய் மக்கவைத்தார். முட்டை ஒன்றுதான் பாக்கி. அதற்கு ஏனோ சுற்றறிக்கை வரவில்லை.

விருதுக் குழு வந்த நாளில் தோட்டம் தளதளவென்று நின்றது. குழுத் தலைவி மூக்கில் விரல் வைத்தார். “இத்தனையும் இந்த அஞ்சு கோழியா?”

“அஞ்சே அஞ்சு, மேடம். ஒரு நாள் லீவ் போட்டதில்லை. ரெஜிஸ்டரே இருக்கு,” என்று இயக்குநர் பூரித்தார்.

தலைவி கூண்டுக்குள் எட்டிப் பார்த்துக் கொஞ்சினார். “செல்லங்களா, உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?”

“இருக்குங்க,” என்றது கூண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். புழு டப்பாவோடு குனிந்திருந்த தோட்டக்காரர் நிமிர்ந்தார். “இடுப்பு விட்டுப்போச்சுங்க. என் பேரைத் திருப்பித் தர முடியாட்டிப் போகட்டும், கோழியாவே இருந்துக்கறேன். ஆனா முழுக் கோழியா வெச்சுக்கோங்க. எனக்கும் ஒரு ஃபேன், வாரம் ஒரு டாக்டர். அப்புறம், ஒரு துரும்பைக் கிள்ளிப் போடலைன்னாலும் வேலையை விட்டுத் தூக்கறதில்லையே, அந்தச் சலுகையும் வேணும்.”

தலைவி திகைத்தார். “யார் பேசினது?”

பதிவேட்டோடு பக்கத்தில் நின்ற ரெஜிஸ்டர் அக்காவை இயக்குநர் முறைத்தார். அவள் பதிவேட்டைப் பொறுமையாகப் புரட்டினாள். “ரெஜிஸ்டர்படி தோட்டத்துல கோழிங்க மட்டும்தான் சார் இருக்கு.”

“அப்போ எந்தக் கோழி?” என்றார் இயக்குநர்.

“ஒண்ணாம் நம்பர்னு போட்டுக்கலாமா சார்?”

விருது அன்று மாலையே கைக்கு வந்தது. ‘மேலதிகாரி முன் வாய் திறந்த குற்றத்துக்காகக் கோழி எண் ஒன்று பணிநீக்கம்’ என்ற உத்தரவு அதற்கு முன்பே வந்துவிட்டது.

மறுநாள் காலை ஒன்பது மணி. கோழி எண் ஒன்று ஃபேனுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் புதிய சிவப்புக் கோட்டைத் தாண்டி, இரண்டிலிருந்து ஐந்து வரை நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

“என்னண்ணே, தனியா சிரிக்கறீங்க?”

“இன்னும் நாலு தடவை உண்மையைப் பேசலாம் அக்கா,” என்றார் அவர்.