காரின் வயிற்றில் காற்று

மனைவிக்குக் கார் சாவியைக் கொடுப்பதில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். அதை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல்தான் இல்லை. அவளுக்கு ஊர்க்கோடியில் வேலை கிடைத்திருந்தது. லைசென்ஸும் வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை முதல் வண்டி வேண்டுமாம்.

"தாராளமா எடுத்துக்கோம்மா. என்ஜின் சூடாகாம இருக்கக் கூலண்ட் மட்டும் மாத்தணும். அதுவரைக்கும் தொடக் கூடாது."

"மாத்தினதும் சாவி எனக்கு?"

"சத்தியமா!"

கூலண்ட் பேரைச் சொல்லிக் கோடை முழுக்கக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தார். மறுநாள் ஞாயிறு, காலையிலேயே அவள் ஒரு கேனையும் புனலையும் அவர் கையில் திணித்தாள்.

வேறு வழி? பழையதை வடித்தார், புதியதை ஊற்றினார், என்ஜினை ஓடவிட்டார். சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி விறுவிறுவென ஏறியது. அலறியடித்து அணைத்தார்.

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாய்வரை ஊற்றியும் கொதிக்கிறதே! சந்தோஷப்படுவதா, அழுவதா? வண்டி ஓடாவிட்டால் அவளுக்குச் சாவி கிடையாது. என்ஜின் வெந்துபோனால் அவருக்கே வண்டி கிடையாது.

"உள்ள காத்து மாட்டிக்கிச்சு," என்றாள் அவள். "ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க, மூஞ்சி வெந்துடும். ஆறட்டும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"டிரைவிங் சொல்லிக்குடுத்த அக்கா வண்டியிலயும் இதே கூத்துதான்."

ஆறியதும், காற்று மேலே ஏறி வரட்டும் என்று வாசல் சரிவில் வண்டியை மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தினாள். சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தாள். மூடியைத் திறந்து புனலைச் செருகினாள்.

"உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க. ஹீட்டரை முழுசா வைங்க."

"என்னம்மா இது! வண்டியே கொதிக்குதுங்கறேன், ஹீட்டரைப் போடச் சொல்றே?"

"நீங்க வாங்கின நாள்லேருந்து அதைத் தொட்டதே இல்ல. அந்தக் குழாயிலயும் கூலண்ட் போகணும்ல? இல்லன்னா காத்து அங்கயே குடித்தனம் பண்ணும். சூடா வருதான்னு பார்த்துச் சொல்லுங்க."

"ஜன்னலைத் திறந்துக்கவா?"

"திறந்தா எப்படிங்க தெரியும்?"

கொளுத்தும் வெயிலில், மூடிய காருக்குள், அவர் இட்லிப் பானைக்குள் மாவுபோல் உட்கார்ந்திருந்தார். முன்னால் அவள் ரப்பர் குழாயை அமுக்கி அமுக்கி விட்டாள். புனலில் குபுக் குபுக்கென்று குமிழி. வண்டி விருந்து சாப்பிட்ட மாமனார்போல் ஏப்பம் விட்டது. அவள் மேலும் ஊற்றினாள்.

"இப்போ?"

"சூடு ஒண்ணும் வரல!"

"இப்போ?"

"கொஞ்சம் வெதுவெதுப்பா... ஐயோ, சுடுது! முள்ளும் நடுவுல நிக்குது! காத்து போயிடுச்சு! சரியாயிடுச்சும்மா!"

தெருவே கேட்கும்படி கத்திய பிறகுதான் தான் எதை அறிவித்தோம் என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் அவள் கதவைத் திறந்து, என்ஜினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கு நான் எப்படிம்மா ஆபீஸ் போறது?" வியர்வை சொட்டச் சொட்டக் கேட்டார்.

"நான் போற வழிதானே, இறக்கி விடுறேன். பின் சீட்ல உக்காந்துக்கோங்க. முன்னாடி என் பை இருக்கும்."