பின்பக்கம் பதித்த பிக்கப்

கூச்சப்படுகிறவர்கள் அடக்கமானவர்கள் என்று ஊர் நம்புகிறது. பிழை. எங்களுக்குள் இருக்கிற பெருமை வாய்க்காரர்களிடம்கூடக் கிடையாது. வெளியே விடப் பயந்து உள்ளேயே தீனி போட்டு வளர்க்கிறோம், அவ்வளவுதான். என்னுடையது ஒரேயொரு முறை வெளியே வந்தது. சண்டைக் காலம், திருகோணமலை, காலை பத்து மணி.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். துறைமுகப் பக்கம் ஒரு கராஜில் வேலை. உப்புவெளியில் மீன் வியாபாரம் செய்த ஒருவரின் மகளை எனக்குப் பேசியிருந்தார்கள். மாமா ஆள் குள்ளம். அவர் வாங்கியதோ நாலு சில்லும் இழுக்கிற டீசல் பிக்கப், ஆனை உயரம். மீன் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஏறித்தான் பின்தட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்.

"உதைக் கொஞ்சம் பதிச்சு உயரம் குறைக்க ஏலாதோ தம்பி?" என்று கேட்டார். என்னிடம் அவர் பேசிய முதல் முழு வசனம் அது. (நான் ஓம் என்றுகூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். அதற்கே வியர்த்துவிட்டது.)

பின் அச்சின்மேல் வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிப் பூட்டியிருப்பார்கள். வண்டியின் பாரத்தைத் தாங்கும் வில்லு அதுதான். பக்கத்துக்கு இரண்டு தகடு கழற்றினேன். முன்பக்கத்தையும் பதித்தால் முன் சில்லுகளை இழுக்கிற தண்டுகள் கோணிவிடும் என்று பெரிய எஞ்சினியர் போல யோசித்து, அதைத் தொடவில்லை. வண்டி மூக்கை நிமிர்த்தி, குந்தியிருக்கிற நாய் போல நின்றது. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. பின்தட்டைக் கழுவி, வெறும் தட்டுக்கு மேல் தார்ப்பாய்ப் படங்கையும் இறுக்கிக் கட்டினேன். மாமா அவிழ்த்துப் பார்த்து அசர வேண்டும் அல்லவா.

மாமாவிடம் ஓட்டிக்கொண்டு போகையில், உப்புவெளிக்கு முந்திய சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஒரு நேவிக்காரன் கிட்ட வந்தான். பின் சில்லைப் பார்த்தான். படங்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தபடியே பின்புறமாக நடந்து போனான்.

யாரும் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். வரிசையில் நின்ற சைக்கிள்கள் வீதியில் கிடந்தன, ஆட்களைக் காணோம். கடைகளின் பலகைகள் ஒவ்வொன்றாக மூடின. ஒரு பஸ், எஞ்சின் ஓடியபடி, உள்ளே ஒருவரும் இல்லாமல் நின்றது. ஊரில் திரியும் மான்களில் ஒன்று மட்டும் வந்து என் பின் சில்லை முகர்ந்தது. பிறகு அதுவும் காதை விடைத்து, எதையோ கேட்டதுபோலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவரின் குரல் வந்தது.

"பின்னுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை ஐயா."

"ஒண்டுமில்லாமல் ஏன் இவ்வளவு பதிஞ்சு கிடக்கு?"

அப்போதுதான் விளங்கியது. குண்டு ஏற்றிய வண்டி அப்படித்தான் நிற்கும்.

இறங்கிப் படங்கை அவிழ்க்கச் சொன்னார்கள். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. கடைசியில் வெறும் தட்டு தெரிந்ததும், தப்பினேன் என்று நினைத்தேன். அவர்களோ இன்னும் பத்தடி பின்னுக்குப் போனார்கள். தட்டு வெறுமை என்றால், பாரம் எங்கே இருக்கிறது?

அந்தக் கேள்வி எனக்குள்ளும் ஏறிவிட்டது. நான் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் வண்டி தனியாகத்தானே நின்றது? நானே கழற்றி நானே பூட்டிய வண்டியின் அடியில் ஏதோ மூச்சு விடுவதுபோல இருந்தது.

"வண்டி ஆருடையது?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

மாமாவை அப்போதுதான் கண்டேன். வண்டியைப் பார்க்கும் ஆசையில் சாவடிவரை வந்தவர், வீதியோர வடிகானுக்குள் குப்புறக் கிடந்தார். நான் அவரை நோக்கிக் கையை நீட்டினேன். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"எனக்கு இந்தப் பொடியனைத் தெரியாது."

(வண்டிக் கதவில் அவருடைய பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.)

பாரம் ஏற்றிய வண்டி துள்ளாது என்று அங்கே நின்ற நேவி டிரைவர் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். என்னைத் தட்டில் ஏறித் துள்ளச் சொன்னார்கள். நாலு பேர் பார்த்தால் தும்மக்கூடக் கூசுகிறவன் நான். கண்ணை மூடிக்கொண்டு துள்ளினேன். தகடு குறைந்த வில்லு பஞ்சு மெத்தை போல என்னைத் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு முறையும் அடியில் "டும்" என்று இரும்பு இடித்தது. ஒவ்வொரு "டும்"முக்கும் வடிகானில் இருந்த தலைகளெல்லாம் ஒன்றாகத் தாழ்ந்தன. போதும் என்று அவர்கள் சொன்னது என் காதில் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது பொலிஸ்காரர் பக்கத்தில் நின்று, "இறங்கும் தம்பி, காணும்" என்று என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வண்டியின் அடியில் படுத்துப் பார்த்த பிறகு விட்டார்கள். மாமா சேற்றோடு எழும்பி வந்து, பெட்டி எதுவும் இல்லாமல் தட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "உயரம் சரி" என்றார். அடுத்த நாளே தகடுகளைத் திரும்பப் பூட்டினேன்.

கலியாணம் நடந்தது. இன்றைக்கும் நான் மாமா வீட்டுப் படலையைத் திறந்தால் என் மனைவி உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்: "அப்பா, உங்களுக்குத் தெரியாத பொடியன் வந்திருக்கிறார்." வீடே சிரிக்கும். மாமாவும் சிரிப்பார், என் முகத்தை மட்டும் பார்க்காமல். நான் அவரைக் குறை சொன்னதில்லை. அன்றைக்கு வண்டி ஆருடையது என்று இரண்டாம் முறை கேட்டிருந்தால், வண்டியைப் பார்த்து நானும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.