இடுப்பளவுத் தண்ணீரில் முப்பது அடி

லாபம் பார்த்த கம்பெனி நாட்டுக்கு நல்லது செய்தே ஆக வேண்டும் என்பது விதி. அதையும் மார்ச் மாதம் முடிவதற்குள் செய்துவிட வேண்டும் என்பது கணக்கு. ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியும் வருஷம் தவறாமல் நல்லது செய்துகொண்டுதான் இருந்தது. போன வருஷ மரக்கன்றுகளை, அதற்கு முந்தின வருஷக் கன்றுகள் செத்துப்போன அதே குழிகளில் நட்டார்கள். குழி வெட்டும் செலவு மிச்சமானதற்குப் பாராட்டுகூட வந்தது.

ஆனால் மரம் நடுவது பழைய ஃபேஷன் ஆகிவிட்டது. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் ஏரிக்கரையில் யோகா செய்து படம் போட்டுவிட்டார்கள். மனிதவள மேலாளர் விமல்ராஜுக்கு வயிறு எரிந்தது. அவர் அந்தமானுக்குச் சுற்றுலா போனபோது ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு, ரப்பர் உடுப்பு, முகமூடி, வாத்துக்கால் செருப்பு எல்லாம் வாங்கி வந்திருந்தார். ஓசூரில் அதை மாட்டிக்கொண்டு எங்கே குதிப்பது? பீரோவின் மேலே கிடந்தது. "இந்த வருஷம் நம் தொண்டு நீருக்கடியில்" என்று அவர் அறிவித்தபோது, நீர் எங்கே சார் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

பிரஸ் செக்‌ஷன் மாதேஷ் மட்டும் கையைத் தூக்கினான். கல்யாணத்துக்கு முன்பே கான்ட்ராக்டில் சேர்ந்தவன் அவன். "அடுத்த தீபாவளிக்குள்ள பர்மனென்ட் ஆயிடும் மாமா" என்று சொல்லித்தான் பெண் எடுத்தான். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். மாதேஷ் இன்னும் கான்ட்ராக்ட்.

"எங்க ஊர்ல ஒரு ஊத்து இருக்குதுங்க சார். ஜவளகிரி தாண்டி, காட்டோரம். கோடையிலகூட வத்தாது."

"ஆழம் இருக்குமா?"

ஊற்று இடுப்பளவு. ஊரே அதில்தான் குடிக்கிறது. மாதேஷ் விமல்ராஜின் முகத்தைப் பார்த்தான். அதில் பர்மனென்ட் ஆர்டர் தெரிந்தது.

"நல்ல ஆழமுங்க சார்."

"நிகழ்ச்சி நல்லபடியா முடியட்டும் மாதேஷ். உன் விஷயத்தை நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் மனைவி சுமலதா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முறம் ஆடிப்போயிற்று. "அந்த ஊத்துல உட்கார்ந்தாத்தாங்க தலையே நனையும். அதுக்கு முதுகுல காத்து சிலிண்டரா?"

"வாயை மூடு. ஆர்டர் வந்தப்புறம் சிரி."

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின வாரம் வீட்டுக்கு ஒரு ஆள் இறங்கி ஊற்றைத் தூர் வாருவார்கள். இந்த வருஷம் வேண்டாம், அழுக்கு அப்படியே இருந்தால்தான் தொண்டர்களுக்கு வேலை இருக்கும் என்று மாதேஷ் கெஞ்சினான். டீ-ஷர்ட்டும் பிரியாணியும் உண்டு என்று தெரிந்ததும் ஊர் ஒருமனதாக மண்வெட்டியைக் கீழே வைத்தது. சும்மா கிடைக்கிற சோம்பேறித்தனத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

அடுத்தது அனுமதி. நீர்நிலை நுழைவு அனுமதி அலுவலகத்தில் அசோக்குமார் என்ற அதிகாரி இருந்தார். விதிப் புத்தகத்தை மூக்கின்மேல் வைத்துப் படித்தார்.

"முப்பது அடிக்குக் குறைஞ்ச தண்ணியில சிலிண்டர் கட்டி இறங்க விதியில இடமில்ல. அதனால இது முப்பது அடி."

"சார், நேர்ல வந்து ஒருதரம் பாத்துட்டு..." என்று இழுத்தான் மாதேஷ்.

"பாத்தா எப்படிப்பா எழுத முடியும்?"

முப்பது அடி என்று முத்திரை விழுந்தது.

நிகழ்ச்சி நாளன்று இரண்டு பஸ்ஸில் தொண்டர்கள் வந்து இறங்கினார்கள். சிலிண்டர்களை வாடகைக்குக் கொண்டுவந்த பெங்களூர்ப் பயிற்சியாளர் ஊற்றை எட்டிப் பார்த்துவிட்டு, கன்னடத்தில் ஆண்டவனைக் கூப்பிட்டார். பிறகு வாடகையை நினைத்து அமைதியானார். விமல்ராஜ் முழு உடுப்போடு பின்பக்கமாகச் சாய்ந்து குதித்தார். முதுகுச் சிலிண்டர் தரையில் தட்டியது. புரண்டு குப்புற மிதந்ததும் சிலிண்டர் மட்டும் தண்ணீருக்கு மேலே ஆமை ஓடாகத் தெரிந்தது. அடியில் குப்பை என்று சொல்லும்படி இலையும் சேறும்தான். அது படத்தில் எடுபடவில்லை. ஆகவே பிரியாணிப் பொட்டலங்களையும் தண்ணீர் பாட்டில்களையும் உள்ளே போட்டு, உயிரைப் பணயம் வைத்து மீட்டெடுத்தார்கள். சேற்றை யாரும் தொடவில்லை. அசோக்குமார் கரையில் நின்று, "ஆழம் காண முடியாத தியாகம்" என்று பேசினார்.

மறுவாரம் ஊற்றைச் சுற்றிக் கயிறும் பலகையும் வந்தன. 'முப்பது அடி ஆழம். மிதவை உடுப்பு இல்லாதோர் இறங்கத் தடை.' முப்பது அடி என்றால் அபாயம். அபாயம் என்றால் பலகை வைக்காவிட்டால் அதிகாரி தலைக்கு ஆபத்து. குடத்தோடு வந்த பெண்கள் திகைத்து நின்றார்கள். சுமலதா மட்டும் சேலையைச் செருகிக்கொண்டு கயிற்றைத் தாண்டி நடு ஊற்றில் போய் நின்றாள். தண்ணீர் அவள் இடுப்புவரை வந்தது.

"எங்க சார் முப்பது அடி? காட்டுங்க!"

கரையிலிருந்து அசோக்குமார் பதறினார். "அம்மா, முப்பது அடி ஆழத்துல நின்னுக்கிட்டுப் பேசாதீங்க! ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?"

"ராத்திரியில யானை வந்து நின்னு குடிக்குதே, அது முழுகிப்போச்சா?"

"யானை வனத்துறை. அதுக்கு எங்க விதி பொருந்தாது."

சுமலதாவுக்குக் கண்ணீர் முட்டியது. அழுகையல்ல, ஆத்திரம். பக்கத்து வீட்டு பேகத்தையும் சேர்த்துக்கொண்டு மேலிடத்துக்கு மனு அனுப்பினாள்: எங்கள் ஊற்று இடுப்பளவு, எங்கள் தண்ணீரை எங்களிடம் கொடுங்கள். எந்த அதிகாரிமேல் மனுவோ, அந்த அதிகாரியே விசாரிப்பது மரபு. அசோக்குமாரே விசாரணைக்கு வந்தார்.

அதற்குள் ஊருக்கு டேங்கர் வண்டி ஏற்பாடாகியிருந்தது. ஓட்டுநர் மணி, ஊர்ப் பெரியவர் ஆஞ்சப்பனின் மருமகன். முப்பது அடி ஊற்றைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து கார்கள் வரவே, நாராயணம்மா போண்டாக் கடை போட்டிருந்தாள். மற்றவர்களுக்கு இனி ஜென்மத்துக்கும் தூர் வார வேண்டியதில்லை. விசாரணை நாள் காலையில் விமல்ராஜ் மாதேஷைக் கூப்பிட்டார். "ஆர்டர் டைப் ஆயிடுச்சு. ஆழத்துல ஏதாவது சந்தேகம் வந்தா மட்டும் கொஞ்சம் கஷ்டம்." மாதேஷ் அதை அப்படியே சுமலதாவிடம் சொன்னான்.

மாரியம்மன் கோயில் முன்னால் நாற்காலி போட்டு விசாரணை நடந்தது.

"ஆழம் எவ்வளவு?"

"முப்பதுங்க," என்றார் ஆஞ்சப்பன்.

"முப்பதுக்குக் கொஞ்சம் மேலயே இருக்கும் சாமி," என்றாள் நாராயணம்மா.

மாதேஷ் தரையைப் பார்த்துக்கொண்டே முப்பது என்றான். பேகம் வாயைத் திறந்தாள், சுற்றிலும் பார்த்தாள், அளந்ததில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாள்.

"மனு குடுத்தது நீங்கதானே அம்மா? சொல்லுங்க."

சுமலதா புருஷனைப் பார்த்தாள். எத்தனையோ தீபாவளி அவன் முகத்தில் தெரிந்தது.

"முப்பது அடிங்க."

"மனுவுல இடுப்பளவுன்னு எழுதியிருக்கே?"

"கரையோரமா நின்னு பாத்துட்டு எழுதிட்டேனுங்க."

மாதேஷ் அந்த வாரமே பர்மனென்ட் ஆனான். தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார்கள்.

மறுநாள் டேங்கர் வந்து ஊற்றங்கரையில் நின்றது. மிதவை உடுப்பு மாட்டிய மணி குழாயை இழுத்துக்கொண்டு ஊற்றில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மோட்டாரைப் போட்டான். வண்டி நிறைந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் குடங்களோடு நின்ற ஊர், பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வண்டியின் பின்பக்கக் குழாயில் வரிசையாகப் பிடித்தார்கள்.

பேகம் ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "சுமா, நம்ம ஊத்துத் தண்ணி மாதிரியே இருக்குதில்ல?"

சுமலதாவும் கை ஏந்தி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"போக்கா. இது ஆழத்துத் தண்ணி. நம்ம ஊத்துல இந்த ருசி ஏது?"