பதினோரு மணிச் சிங்கம்

நம்ம வால்பாறைக் காட்டு மிருகங்களுக்கு நேரங்காலம் தெரியறதில்லைங்கற குறை வனத்துறைக்கு ரொம்ப நாளா இருந்துதுங்க. தண்ணி தவிச்சா வருது, பசிச்சா வருது, ஒண்ணும் தோணலைன்னாலும் வருது. இதை ஒழுங்குபடுத்தற நல்ல நோக்கத்தோட, "வழிகாட்டலுடன் கூடிய மழைக்காட்டு நடை, வனவிலங்குச் சந்திப்பு மற்றும் பாரம்பரியக் கைவினை அனுபவத் திட்டம்"னு ஒண்ணு வந்து சேர்ந்துது. இந்தப் பேரை ஒரே மூச்சுல சொல்லி முடிக்கிறவனைத்தான் வழிகாட்டியா எடுக்கறதுன்னு முடிவாச்சு. நான் சொல்லி முடிச்சேன். மத்த ரெண்டு பேருக்கு நடுவுலயே இருமல் வந்துபோட்டுது.

என் பேரு வம்சி. கோயமுத்தூர்ல விலங்கியல் படிச்சவன். கூடப் படிச்ச பிரீத்திகாவைக் கட்டிக்கோணும்னு ஆசை. அவளுக்கும் அதே ஆசைதானுங்க, நான் பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு ஊட்டுலயும் தெலுங்கு பேசறவங்க, ஜாதகமும் பொருந்தியாச்சு. பொருந்தாதது என் வேலை ஒண்ணுதான். அவங்கப்பா கோவிந்தராஜுலு பீளமேட்டுல பம்பு மோட்டார் கம்பெனி வெச்சிருக்கிறவர். "காடுங்கறது ஒரு வேலை செய்யற எடமா கண்ணு? அதுவும் தற்காலிகமாம். நிரந்தரம் ஆகட்டும், பேசலாம்"னு சொல்லிப்போட்டாரு. முதல் நடை நல்லபடியா முடிஞ்சா நிரந்தரம்னு துறை சொல்லியிருந்துது. முடியலைன்னா திட்டமும் இல்லை, நானும் இல்லை. அதைக் கேட்டு மாமா என்ன பண்ணினாரு தெரியுங்களா? முதல் நடைக்குக் குடும்பத்தோட டிக்கெட் போட்டுட்டாரு. மாப்பிள்ளை வேலை செய்யறதை நேர்ல பார்க்கோணுமாம்.

திட்ட அலுவலர் பேரு லட்சுமணசாமி. ஈரோட்டுப் பக்கம் கைத்தறிக் கண்காட்சி நடத்தற பிரிவுல ரொம்ப வருசம் இருந்துட்டு அயல்பணியில வந்தவர். தங்கமான மனுசன். ஆனா கண்காட்சின்னா குத்துவிளக்கு ஏத்தோணும், சரக்கு அதுக்கு முன்னாடியே வந்து அடுக்கியிருக்கோணும், இதுதான் அவருக்குத் தெரிஞ்ச உலகம். வந்த அன்னிக்கே, "யானை எத்தனை இருப்பு?"ன்னு கேட்டாரு.

"அது நகர்ந்துட்டே இருக்குமுங்க சார்" என்றேன்.

"நகர்ற சரக்குன்னா நல்லதுதானே" என்றார்.

அவர் போட்ட நிகழ்ச்சி நிரல் இதுதான்: காலையில நடை, பத்து மணிக்குக் கைவினை, பதினோரு மணிக்கு வனவிலங்குச் சந்திப்பு. சந்திப்புக்குன்னு மூங்கில் மேடை ஒண்ணு கட்டி, வாழைமரம் கட்டி, ரிப்பனும் கட்டியாச்சு. அதுல ஒரு முக்கியமான விதி உண்டு. ரிப்பன் வெட்டறதுக்கு முன்னால எந்த மிருகத்தையும் யாரும் பார்க்கக் கூடாது. "தொறப்பு விழாவுக்கு முன்னாடி வித்த சேலை கணக்குல வராது. அதே மாதிரிதான் இதுவும். முன்கூட்டியே பார்த்தது செல்லாது. செல்லாததைப் பார்த்தா முறைகேடு"ன்னு விளக்கினாரு.

நம்ம கோயமுத்தூர் சனங்களைப் பத்தி உங்களுக்கே தெரியும். பெரியவங்க சொன்னா மறுத்துப் பேசறது மரியாதை இல்லைன்னு பொறந்ததுல இருந்து பழகினவங்க. முதல் நடைக்கு வந்தது மாமா, அவர் சம்சாரம் ரங்கம்மாள் அத்தை, பிரீத்திகா, அப்புறம் கனிஷ்கான்னு ஒரு அம்மணி. இந்த அம்மணி சரவணம்பட்டியில "காட்டுக் குளியல்" வகுப்பு நடத்தறவங்க. காட்டுக் குளியல்னா தண்ணி கெடையாதுங்க, சும்மா நின்னு மூச்சு விடறது. அதை ஏசி ரூம்ல, செடி வெச்சு சொல்லித் தர்றாங்க. எல்லாருமே பச்சையும் பழுப்புமா பட்டாளத்துத் துணி போட்டுட்டு, மிருகத்துக்குத் தெரியாம ஒளிஞ்சு வந்திருந்தாங்க. மாமா மட்டும் வேட்டி. ஆனா தலையில ஒரு வேட்டைக்காரத் தொப்பி இருந்துது.

நடை ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல ஒரு சோலைமந்திக் கூட்டம் தலைக்கு மேல கெளையைப் போட்டு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுது. உலகத்துல எங்க எங்க இருந்தோ வந்து, வாரக் கணக்குல காத்துக் கெடந்து பார்க்கற ஜீவனுங்க அது.

"குனிங்க, எல்லாரும் குனிங்க" என்றார் லட்சுமணசாமி. குனிஞ்சாங்க.

அடுத்த வளைவுல காட்டுமாடு ஒண்ணு பாதைக்கு நடுவுல நிக்குது. மினி பஸ் அகலம். லட்சுமணசாமி கண்ணை இறுக்கி மூடிட்டு, "வம்சி, அது போயிருச்சா பாரு"ங்கறாரு. "நானும் பார்க்கக் கூடாதுங்களே சார்" என்றேன். "அதுவும் சரிதான்" என்றார். எல்லாரும் கண்ணை மூடிட்டு ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்சு ரயில் வண்டி மாதிரி ஓரமா போனோம். ரங்கம்மாள் அத்தை கையில என்னமோ ஈரமா மூச்சு பட்டிருக்கு. "ஏனுங்க, கொஞ்சம் நகருங்க"ன்னு மரியாதையாச் சொன்னாங்க. அது நகர்ந்துக்கிச்சு. இருவாச்சி ஜோடி ஒண்ணு ஹெலிகாப்டர் கணக்கா இரைச்சலோட பறந்தப்ப, "ஏதோ ஃபேன் ஓடுதாட்டம் இருக்குது"ன்னு மாமா தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியலை. பிரீத்திகா மட்டும் வாயைப் பொளந்துட்டு மேலேயே பார்த்துட்டு வந்தா. நான் கையைக் கிள்ளினேன். திருப்பிக் கிள்ளினா.

பத்து மணிக்குப் பாரம்பரியக் கைவினை. மழைக்காட்டுப் பாரம்பரியத்தைச் சொல்லித் தர உக்கடத்துல இருந்து யூனுஸ் அண்ணனை வரவழைச்சிருந்தாங்க. மூங்கில் கூடை மொத்த வியாபாரம் பண்றவர். "ஏனுங்க சார், நான் விக்கிறவனுங்க, பின்னத் தெரியாதுங்களே"ன்னு பணிவாத்தான் சொல்லியிருக்காரு. "பின்னத் தெரிஞ்சவங்களுக்கு ஜிஎஸ்டி நம்பர் இல்லைங்களே" என்றாராம் லட்சுமணசாமி.

ஆளுக்கு நாலு மூங்கில் பட்டை குடுத்தாங்க. மாமா பின்னினது கொசு வலை மாதிரி வந்துது. கனிஷ்கா அம்மணி பட்டையைக் கையில வெச்சுக்கிட்டு அதோட அதிர்வைக் கேட்டுட்டு இருந்தாங்க. நேரம் ஆகவும், யூனுஸ் அண்ணன் ஜீப்புல இருந்து ரெடிமேட் கூடைகளை எறக்கி ஆளுக்கு ஒண்ணு நீட்டினாரு.

"இது நான் பின்னலைங்களே" என்றாள் பிரீத்திகா.

"தொட்டீங்களா?" என்றார் லட்சுமணசாமி.

"நீங்க குடுத்தீங்க, தொட்டேன்."

"பங்கேற்பாளர் தம் கரத்தால் தொட்ட கூடை, பங்கேற்பாளர் பின்னிய கூடையாகவே கருதப்படும். வழிமுறையில தெளிவா இருக்குதுங்க அம்மணி."

பதினோரு மணிக்கு ரிப்பனை வெட்டினாரு. எல்லாரும் மேடையில ஏறி உக்காந்து, கேமராவைத் தூக்கி, கண்ணை அகல விரிச்சோம். ஒரு ஈ காக்கா இல்லை. காலையில இருந்து அத்தனை அவமரியாதை பண்ணின பிறகு எது வரும் சொல்லுங்க? காடே கடையடைப்புப் பண்ணின மாதிரி கெடக்குது. பதினொண்ணே காலுக்குச் சந்திப்பு நேரம் முடியுது. லட்சுமணசாமி கர்ச்சீப்பால நெத்தியைத் தொடைச்சுக்கிட்டு எழுந்தாரு.

"சந்திப்பு நிகழாத பட்சத்துல திட்டம் கைவிடப்படும். வழிகாட்டி விடுவிக்கப்படுவார்" என்றார். அவர் கண்ணுல நிசமாவே தண்ணி.

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

இங்கதானுங்க நம்ம ஊர்க் குணம் வேலை செஞ்சுது. ஒருத்தர் ஊட்டு விசேசத்துக்குப் போறோம், சாம்பார்ல உப்பே இல்லை. என்ன சொல்லுவோம்? "அருமையா இருந்துதுங்க"ன்னு சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்குவோம். கூப்பிட்டவங்க தலை குனியக் கூடாது, அவ்வளவுதான். யூனுஸ் அண்ணன் தொண்டையைச் செருமிக்கிட்டு, "நான் அந்தப் புதர்ல ஒரு நரியைப் பார்த்தேனுங்க"ன்னாரு.

லட்சுமணசாமி அப்படியே நிமிர்ந்தாரு. "நரி உங்களைப் பார்த்துதுங்களா? சந்திப்புன்னா ரெண்டு தரப்பும் பார்க்கோணும்."

"பார்த்து, சிரிச்சுதுங்க."

அதுக்கப்புறம் கல்யாணத்துல மொய் வைக்கிற கதைதான். ஒருத்தர் வெச்சா அடுத்தவர் கொறைச்சு வைக்க முடியுமா? கனிஷ்கா அம்மணி, "புலி. கண்ணை மூடித்தான் பார்த்தேன், ஆனா ரொம்பக் கிட்ட"ன்னாங்க. ரங்கம்மாள் அத்தை, "அந்தப் புலி பின்னால ரெண்டு குட்டிங்க வந்துதுங்க. ஒண்ணு கொஞ்சம் எளைச்சுக் கெடக்குது"ன்னாங்க. மாமா தொப்பியைக் கழட்டி மடியில வெச்சாரு. பொண்ணு ஊட்டுக்காரர். மாப்பிள்ளையாகப் போறவனுக்கு வேலை போற எடம். வெளியாளுங்களே புலி வெச்சுட்டாங்க.

"சிங்கம்" என்றார்.

"ஆணுங்களா, பெண்ணுங்களா?"

"ஆணுங்க. பிடரியோட. என்னைப் பார்த்துது, நான் வணக்கம் வெச்சேன், அது தலையாட்டிட்டுப் போச்சுங்க."

விலங்கியல் படிச்ச எனக்குச் சிங்கம் இந்தப் பக்கமே கெடையாதுன்னு தெரியாதுங்களா? வாயைத் தொறந்தா வேலை போகும், மூடினா கல்யாணம் நடக்கும். மூடிக்கிட்டேன்.

பிரீத்திகா மட்டும், "பதினோரு மணிக்கு நான் ஒண்ணும் பார்க்கலைங்க. வர்ற வழியில சோலைமந்தி, காட்டுமாடு, இருவாச்சி பார்த்தேன்"னா.

"வழியில பார்த்தது செல்லாதுங்க அம்மணி. செல்லுற நேரத்துல உங்களுக்குக் கண்ணு தெரியலை" என்ற லட்சுமணசாமி, அவளுக்குக் கண் பரிசோதனை பரிந்துரை செஞ்சுபோட்டாரு. அப்புறம் அறிக்கையை எழுதிக்கிட்டே தனக்குத் தானே சொல்லிக்கிட்டாரு: "தொட்ட கூடை பின்னின கூடைன்னா, சொன்ன சிங்கம் பார்த்த சிங்கந்தானே. கூடைக்கு ஒரு நியாயம், சிங்கத்துக்கு ஒரு நியாயமா?"

அடுத்த மாசமே மேலிடத்துல இருந்து உத்தரவு வந்துது. புலி, குட்டிகள், சிங்கம் எல்லாம் ஒரே எடத்துல நடமாடறதால, பொதுமக்கள் நலன் கருதி மழைக்காட்டு நடை காலவரையின்றி மூடப்படுது. சிங்கத்துக்குன்னு தனிப் பராமரிப்புப் பிரிவு தொடங்கப்படுது. அதுல ஒரே ஊழியர், வம்சி, நிரந்தரம்.

எனக்குத் தலை கால் புரியலைங்க. ஒரு கிலோ மைசூர்பாக்கு வாங்கிட்டு பீளமேட்டுக்கு ஓடினேன். மாமா உத்தரவை ரெண்டு தடவை படிச்சாரு. மைசூர்பாக்கைத் தொடலை.

"மன்னிச்சுக்க கண்ணு. சிங்கம் இருக்கற காட்டுக்கு எம் பொண்ணை அனுப்ப முடியாது."

"மாமா, அந்தச் சிங்கத்தைச் சொன்னதே நீங்கதானுங்களே?"

"சொன்னேன். அப்பச் சும்மாதான் சொன்னேன். இப்பக் கவர்மெண்டே சொல்லுதே. இதுல கோபுர முத்திரை இருக்குதா இல்லையா?"

"இருக்குதுங்க."

"அப்புறம் எப்படிப் பொய்யாகும்?"

ரங்கம்மாள் அத்தை உள்ளே இருந்து, "அந்த எளைச்ச குட்டி இப்பத் தேறிருச்சா கண்ணு?"ன்னு கேட்டாங்க. பிரீத்திகா என்னை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து, "சிங்கம் இல்லைன்னு எழுதிக் குடுத்துரு, வம்சி"ன்னா.

வேலையை விட மனசில்லாம ரெண்டு மாசம் ஓட்டிப்போட்டு லட்சுமணசாமிகிட்டப் போனேன். "சிங்கம் இல்லைன்னா உன் பணியிடமும் இல்லையே தம்பி. வேலை இல்லாதவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"ன்னு நியாயமாத்தான் கேட்டாரு. அப்புறம் விதிப் புத்தகத்தைப் புரட்டினாரு. "ஆனா, இருந்து காலமாயிருச்சுன்னா பணியிடம் இருக்கும். அடுத்த சிங்கம் வர்ற வரைக்கும் நீ காத்திருப்புல இருக்கலாம். வாரிசு யாராவது?"

"இல்லைங்க சார்."

"அப்பச் சிக்கல் இல்லை."

"பணிக்காலத்திலேயே இயற்கை எய்தியது"ன்னு எழுதிக் குடுத்தேன். பேப்பர்லயும் ஒரு ஓரத்துல வந்துது.

ஞாயித்துக்கெழமை காலையில பார்த்தா, கொண்டை ஊசி வளைவுல வரிசையா கார் ஏறி வருதுங்க. நம்ம சனம் நல்லதுக்குக்கூட வராம இருந்துரும், கெட்டதுக்கு வராம இருக்காது. யூனுஸ் அண்ணன் மாலையோட வந்து, ஜமக்காளத்தை விரிச்சுப் போட்டாரு. கனிஷ்கா அம்மணி எல்லாரையும் நிறுத்தி மூச்சு விட வெச்சாங்க. ரங்கம்மாள் அத்தை முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு, "புலி எப்படித் தாங்குமோ"ன்னாங்க. லட்சுமணசாமி ரெண்டு வார்த்தை பேசறேன்னு நின்னு, பேச முடியாம உக்காந்துட்டாரு. மாமாதான் அதிகமா ஒடிஞ்சு போயிருந்தாரு. "நேர்ல பார்த்தவனுங்க நானு. வணக்கம் வெச்சதுக்குத் தலையாட்டிட்டுப் போச்சே, அந்த மரியாதை இன்னிக்கு மனுசங்ககிட்ட இருக்குதுங்களா?"

கூட்டம் கொஞ்சம் ஓயட்டும்னு காத்திருந்து, மெதுவா அவர் பக்கத்துல உக்காந்தேன். "மாமா, இனி இங்க ஆபத்து ஒண்ணும் இல்லீங்க. நம்ம கல்யாணப் பேச்சை..."

மாமா என்னை ஏற எறங்கப் பார்த்தாரு. "என்ன புள்ளைடா நீ? உன் பொறுப்புல இருந்த வாயில்லா ஜீவன். எழவு விழுந்த எடத்துல கல்யாணப் பேச்செடுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? வருசம் திரும்பட்டும், பார்க்கலாம்."

பிரீத்திகா தலையில அடிச்சுக்கிட்டு ஜீப்புக்குப் பின்னால போயிட்டா. எனக்கு அழுகை வந்துபோட்டுது. ஆத்திரத்துல வந்த அழுகைதானுங்க, சத்தியமா. ஆனா அத்தை வந்து தோளைத் தட்டிக் குடுக்கவும், யூனுஸ் அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எப்படிப்பட்ட சிங்கமுங்க"ன்னு சொல்லவும், அது அடங்கவே இல்லை. வாரா வாரம் "சிங்கம் நலம்"னு எழுதி அனுப்பினவன் நான். ஒரு நாள் ஒரு ஆட்டுக்குட்டியைத் தொட்டிருக்குமா? தேயிலை கிள்ளப் போற பொம்பளைங்க ஒருத்தரையாவது மெரட்டியிருக்குமா? தான் உண்டு, தன் கோப்பு உண்டுன்னு இருந்துது. அப்படி ஒரு சிங்கம் இனி வராதுங்க.