கேள்வி அண்ணையின் பதினொரு கேள்விகள்

மொன்றியலில் பனிக்குப் பயப்படாதவர்கள் உண்டு. வரிக்காரருக்குப் பயப்படாதவர்கள்கூட ஓரிருவர் உண்டு. கேள்வி அண்ணைக்குப் பயப்படாத ஒருவரை மட்டும் நான் சந்தித்ததே இல்லை. லொங்குய்யில் எங்கள் கம்பனி இருந்தது நாலாம் மாடியில். அவரோடு லிப்டில் போவதற்குப் பதில் படியேறி மூச்சு வாங்கியவர்களில் நானும் ஒருவன். "வீட்டை போறன் அண்ணை" என்று வாய்தவறிச் சொன்னால் போதும்.

"வீட்டுத் திறப்பு எடுத்தனீரோ? எந்தப் பொக்கற்றில? தொட்டுப் பாத்தனீரோ?"

தொட்டுப் பார்க்கும்வரை விடமாட்டார்.

மன்னார்க்காரர். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர், மெலிந்தவர், வருடம் முழுவதும் தடிமன் பிடித்து மூக்கடைத்த குரல். எங்கள் கம்பனி பெரிய சமையற்கூடங்களுக்கு மென்பொருள் செய்து விற்றது. அதைப் பொதியாகக் கட்டி அனுப்புவது அவருடைய வேலை. பொதிக்குள் இரண்டு சின்ன விஷயங்கள் இருக்கும். ஒன்று இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்: வாடிக்கையாளரின் கணினியில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் கட்டளைகள். மற்றது மெசேஜ் ஃபைல்: வேலை முடிந்ததும் திரையில் தோன்றும் அறிவித்தல். மற்றவர்கள் முதலாவதைப் பத்து வரியிலும் இரண்டாவதை இரண்டு வரியிலும் முடித்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போவார்கள்.

அண்ணையின் ஸ்கிரிப்ட் பதினொரு கேள்வி கேட்கும். பழைய தரவுகளைப் பிரதி எடுத்தீர்களா? ஆம் என்றால், எங்கே வைத்தீர்கள்? வாய்க்கு வந்த இடத்தைத் தட்டிவிட்டுத் தப்ப முடியாது. ஸ்கிரிப்ட் அங்கே போய்த் தேடிப் பார்க்கும். பிரதி இல்லாவிட்டால், "மன்னிக்கவும், நீங்கள் சொன்னது உண்மையல்ல" என்று மரியாதையான பிரெஞ்சில் அறிவித்துவிட்டு நின்றுவிடும். ஒரு வாடிக்கையாளர் போன் எடுத்து, முப்பது வருடத்தில் தன் மனைவிகூடத் தன்னை இப்படிக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை என்று கத்தினார்.

மெசேஜ் ஃபைல் இன்னும் மோசம். நாற்பது வரி. 'அன்புடையீர்' என்று தொடங்கி, நேர்ந்தவை, இனி நேரக்கூடியவை, நேர்ந்தால் யாரை அழைப்பது என்று நீளும். பிரெஞ்சைத் திருத்திக்கொள்ள, தெருமூலையில் டெபனர் என்ற பெட்டிக்கடை வைத்திருந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுவார். அந்த மனிதர் ஒருமுறை முழுவதையும் வாசித்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "செத்தது யார்?" என்று கேட்டாராம்.

ஏன் இப்படி என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"தம்பி, நான் இஞ்ச வந்தநேரம் ஒரு படிவம் தந்தவங்கள். எங்கட ஆள் ஒருத்தன்தான் நிரப்பினவன். கலியாணம் கட்டினதோ எண்ட இடத்தில இல்லை எண்டு போட்டுட்டான். தனியாள் எண்டா அலுவல் கெதியா முடியுமாம். நான் வாசிக்காமல் கையெழுத்து வைச்சன். இது உண்மைதானோ எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

பிறகு மனைவியைக் கூப்பிட விண்ணப்பித்தபோது, படிவத்தில் இல்லாத மனைவியைக் கூப்பிட முடியாது என்று பதில் வந்தது. இப்போது இரக்கம் காட்டச் சொல்லி வக்கீல் மூலம் எழுதிக் காத்திருந்தார். அவருக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்ற எங்கள் கம்பனிக் கடிதத்தில்தான் அந்த விண்ணப்பம் நின்றுகொண்டிருந்தது. வேலை போனால் அதுவும் போச்சு.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு புதிய மனேஜர் வந்தார். இனிப் பொதி கேள்வி கேட்காமல் தானாக ஏற வேண்டும், அறிவித்தல் ஒரு வரிக்கு மேல் கூடாது, வெள்ளிக்கிழமைக்குள் உங்களில் ஒருவர் செய்து முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நான் தொடமாட்டன் தம்பி. சொல்லாமல் கேளாமல் மற்றவன்ர வீட்டுக்க போறது களவெல்லோ?"

ஆகவே நான் தொட்டேன். பிள்ளைகள் இரண்டும் கார்டெரி என்ற பகல் காப்பகத்தில். நேரத்துக்குப் போய் எடுக்காவிட்டால் அங்கே முகம் சுளிப்பார்கள். அந்த அவசரத்தில் பதினொரு கேள்விகளையும் வெட்டினேன். பிரதி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் பகுதியும் அவற்றோடு சேர்ந்து போனதை நான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஒரு இடத்தில் என் பொதி தானாக ஏறியது. யாருக்கு மரக்கறி, யாருக்கு உப்பில்லாதது என்ற பட்டியல் முழுவதையும் துடைத்து அழித்துவிட்டு, "வெற்றிகரமாக முடிந்தது. மெர்சி!" என்று திரையில் எழுதியது. அங்கே ஒருவரும் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. திங்கட்கிழமை புறப்பட்ட விமானங்களில் மரக்கறிக்காரருக்கு மாட்டிறைச்சி போனது. யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் கேக், நீரிழிவுக்காரர் ஒருவரின் மடியில் போய் இறங்கியதாம். அவர் மட்டும் முறைப்பாடு செய்யவில்லை.

மனேஜர் எங்களைக் கூட்டி நிறுத்தி, "யார் செய்தது?" என்றார்.

"ஸ்கிரிப்டின் தலைப்பில் என் பெயர் இருக்கிறதே, நான்தான்" என்று அண்ணை அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார்.

நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மதியத்துக்குள் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் அவருடைய மனைவியின் நினைவு வந்து, கோட்டைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னால் ஓடினேன். மஞ்சள் லைன் மெட்ரோவில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணை, என்ன செய்துபோட்டியள்? அக்கான்ர அலுவல் என்னாகும்? நான் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லுறன்."

"விசர்க்கதை கதையாதேயும்." பையிலிருந்து குடிவரவு அலுவலகத்தின் கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். திரும்பத் திரும்ப வாசித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. "போன கிழமையே வந்திட்டுது. ஏலாதாம். இனி எனக்கு இந்த வேலை என்னத்துக்கு? உமக்கெண்டாப் பிள்ளையள் இருக்கு."

ஆற்றுக்குக் கீழே ரயில் போய்க்கொண்டிருந்தது. அவர் பெருமூச்சு விட்டார். "ஆனா தம்பி, என்ர பேரில இப்பிடிக் கேள்வியில்லாத ஒரு கட்டை ஸ்கிரிப்ட் போகுது பாரும், அதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு."

"இனி என்ன செய்யப் போறியள்?"

"அவ வரேலாது. அப்ப நான் போறன்."

அது ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலம். அடுத்த மாதமே புறப்பட்டார். நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். மடியில் ஒரு பெண்கள் குளிர்க்கோட்டு வைத்திருந்தார். மனைவி வந்து இறங்கியதும் போடுவதற்கென்று என்றோ வாங்கி வைத்தது. மன்னார் வெயிலில் இது எதற்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். விமான நிலைய வாசலில் இறங்கியபோதோ, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன். அவர் என் முதுகைத் தட்டி, "சரி, சரி, தம்பி" என்றார்.

அவருக்கு என்னைவிட நல்ல தம்பி ஒருவன் வாய்த்திருக்க வேண்டும்.