வட்டக் கண்ணாடிக்குள் ஒரு கப்டன்

அடுத்தவனுடைய காரில் சாய்ந்து நின்று ஊருக்குப் படம் அனுப்பாத தமிழன் எண்பதுகளின் கடைசியில் டென்மார்க்கில் ஒருவனும் இருக்கவில்லை. இல்லை என்று மறுப்பவர் தன் வீட்டு அல்பத்தைக் கொண்டுவரட்டும், பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன்.

பிரெடெரிசியா என்ற துறைமுக ஊரில், எங்கள் தெருவில் ஒரு சிவப்புக் கார் நின்றது. சொந்தக்காரர் ஒரு பல் வைத்தியர். அந்த மனிதருக்குத் தெரியாமல் அதில் பதினொரு பேர் சாய்ந்திருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் பதினொரு பேருக்கும் சிவப்புக் கார். (நம்பர் தகட்டையாவது காலால் மறைத்திருக்கலாம். அந்தளவு மூளை இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.)

கலியாணம் கட்டி நாற்பதாம் நாள் நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டவன். வந்து அகதி அந்தஸ்து கிடைத்ததும் முதல் வேலையாக மனைவி ரஞ்சினியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். ஒரு வருடம் தாண்டியும் பதில் இல்லை. குடிவரவுக் கந்தோரில் கேட்டால், "பைல் பரிசீலனையில் இருக்கிறது" என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள். அதை நான் ரஞ்சினிக்கு எழுதுவேன். அவள் அதைத் தன் தமையனுக்கு வாசித்துக் காட்டுவாள். அவர் சிரிக்கமாட்டார்.

ஒருநாள் அவளிடமிருந்து கடிதம் வந்தது. மூன்றே வரி.

"உங்கடை காரும் சந்தி வீட்டு ராசன் அங்கையிருந்து அனுப்பின படத்துக் காரும் ஒரே நம்பராம். அண்ணன் பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தவர். கார் பொய்யெண்டால், பைல் மட்டும் உண்மையோ?"

மன்னிப்புக் கேட்டு, உண்மையை எழுதியிருக்கவேண்டும். மூளையுள்ளவன் அதைத்தான் செய்வான். நானோ, வேறு எவனிடமும் இல்லாத ஒன்றோடு படம் எடுத்து அனுப்பினால் தமையன் வாயை மூடுவார் என்று முடிவெடுத்தேன்.

அந்தக் கிழமைதான் துறைமுகத்துக்குக் கடற்படைக் கப்பல்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை யாரும் ஏறிப் பார்க்கலாம், கோப்பியும் உண்டு என்று இலவசப் பத்திரிகையில் போட்டிருந்தது. என் அறைத் தோழன் நேசன்தான் எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"மச்சான், போர்க்கப்பல்! ராசனிட்டை போர்க்கப்பல் இருக்கோ?"

ஊரில் எங்கள் கரையோரத்தில் கடற்படைக் கப்பல் கண்ணில் பட்டால் சனம் எடுக்கிறதை எடுத்துக்கொண்டு ஓடும். அதற்குள்ளே ஓடிப்போய் ஏறிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அணைகரையில் வரிசையாக நின்றன. முதலில் கொர்வெட் என்கிற போர்க்கப்பல், ஒல்லியாக, சாம்பல் நிறத்தில், முன்னால் பீரங்கியோடு மாப்பிள்ளை மாதிரி. அதன் பின்னால் கண்ணிவெடி போடுகிற கப்பல், நல்ல அகலமான உடம்பு. கடைசியில், ஒருவரும் கவனிக்காத ஒரு குட்டைக் கப்பல். மற்றக் கப்பல்களுக்கு எண்ணெய் காவுகிற கப்பல். கொர்வெட்டில் ஏற இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். எண்ணெய்க் கப்பலில் ஒரு மாலுமி மட்டும் தனியே இருந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தான்.

"இதிலை ஏறு," என்றான் நேசன். "நான் கரையிலை நிண்டு எடுக்கிறன். அந்தப் பீரங்கி உனக்குப் பின்னாலை விழும். பாக்கிறவனுக்கு எல்லாம் ஒரே கப்பல்தான். கெதியா, பிலிமிலை மூண்டு படம்தான் மிச்சம்."

பழைய உடுப்புக் கடையில் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினேன். கழுத்துப்பட்டி பையில் இருந்தது. அதைக் கட்டக் கண்ணாடி வேண்டுமே. கீழே இறங்கிப்போய்க் கழிவறையைக் கண்டுபிடித்தேன். கனத்த இரும்புக் கதவு, மேலும் கீழும் பிடிகள். கழுத்துப்பட்டி கட்டத் தெரியாதவன் என்பது வெளியே தெரிந்துவிடக்கூடாது என்ற வெட்கத்தில் எல்லாப் பிடிகளையும் இறுக்கினேன்.

நான் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஒலிபெருக்கி மூன்று தரம் ஏதோ சொன்னது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கத்தினால் யாராவது காது கொடுப்போமா? வேறு யாருக்கோ என்று விட்டுவிட்டேன்.

முடிச்சு சரிவந்த நேரம் நிலம் அதிர்ந்தது. சுவரில் இருந்த வட்டக் கண்ணாடி யன்னலால் எட்டிப் பார்த்தேன். நேசன் பின்பக்கமாக நடந்துபோய்க்கொண்டிருந்தான். ஏன் இவன் இப்படி நடக்கிறான் என்று யோசித்தேன். பிறகுதான் கவனித்தேன், அவனோடு சேர்ந்து பிரெடெரிசியாவே பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நேசன்!" என்று கண்ணாடியில் முகத்தை அப்பிக்கொண்டு கத்தினேன். உற்ற நண்பன் அல்லவா, உடனே செயலில் இறங்கினான். கமராவைத் தூக்கி இரண்டு படம் எடுத்தான்.

எனக்குத் தண்ணீர்ப் பயமில்லை, பைல் பயம். விண்ணப்பம் நடக்கும்போது நாட்டு எல்லையைத் தாண்டினால் பைலை மூடிவிடுவார்கள் என்று எங்களுக்குள் ஒரு கதை உலாவியது. இக்காஸ்ட் என்ற ஊரில் ஒருவர் ஜெர்மனிக்குக் கலியாண வீட்டுக்குப் போய்வந்து அப்படித்தான் மாட்டினாராம். அவரை ஒருவரும் கண்டதில்லை. ஆனால் எல்லாருக்கும் அவரைத் தெரியும். நானோ கடல் மார்க்கமாக, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, சர்க்காரின் கப்பலிலேயே எல்லை தாண்டப் போகிறேன்!

நான் இரண்டு கையாலும் இழுத்தும் அசையாத பிடிகளை, கதவில் அடித்த சத்தம் கேட்டு வந்த பணிஸ் மாலுமி வெளியிலிருந்து ஒரு கையால் திறந்தான். மற்றக் கையில் அப்போதும் பணிஸ். என்னை அப்படியே கப்டனிடம் கூட்டிப்போனான். சிவப்புத் தாடி, ஆறரை அடி.

தெரிந்த டேனிஷ் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "மனைவி! பைல்! எல்லை வேண்டாம்!"

கப்டன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மனைவியை விட்டு ஓடுகிறீரா?"

"இல்லை! மனைவி வரவேண்டும்! கப்பல் போனால், மனைவி இல்லை!"

கொஞ்சம் கொஞ்சமாக விசயத்தைப் பிடுங்கி எடுத்தார். கடைசியில் வரைபடத்தை விரித்து விரலை வைத்தார்.

"இந்தப் பக்கம் ஜூட்லாந்து. டென்மார்க். அந்தப் பக்கம் ஃபூன் தீவு. அதுவும் டென்மார்க். நடுவில் தண்ணீர். அது யாருடையது என்று நினைக்கிறீர்?"

"டென்மார்க்...?"

"நல்லது. உம்முடைய மனைவியின் பைலுக்கு ஒன்றும் நடக்காது. வெளியே இரண்டு ஏவுகணைப் படகுகள் எண்ணெய் இல்லாமல் நிற்கின்றன. அவர்கள் சுடுவார்கள், நாங்கள் ஊற்றுவோம். நாங்கள் ஊற்றாவிட்டால் அவர்கள் வீட்டுக்கும் போகமுடியாது. வந்தவர் சும்மா நிற்கக்கூடாது, கையுறையைப் போடும்."

கோட்டுக்கு மேலே செம்மஞ்சள் மிதவை அங்கி மாட்டி, கையில் கயிற்றைத் தந்தார்கள். இழுத்தேன். முதல் ஏவுகணைப் படகு பக்கத்தில் வந்து நின்றது. அதிலிருந்த இளம் மாலுமிகள், எண்ணெய்க் கப்பலில் கழுத்துப்பட்டியோடு ஒரு வெளிநாட்டுக்காரர் கயிறு இழுப்பதைக் கண்டார்கள். ஏதோ ஒரு நாட்டின் தூதுவர் என்று நினைத்திருக்கவேண்டும். விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள்.

வலது கையில் கயிறு. நான் இடது கையால் திருப்பி அடித்தேன். கப்டன் திருத்தவில்லை. தாடிக்குள் ஏதோ அசைந்தது மட்டும் தெரிந்தது.

திரும்பி வரும்போது தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். அது காதுவரை இறங்கியது. கப்பல் சங்கைக் காட்டி, "ஊதும்," என்றார். துறைமுகமே அதிர ஊதினேன். கொர்வெட் வரிசையில் நின்ற இருநூறு பேரும் திரும்பிப் பார்த்து, இதுவும் நிகழ்ச்சியில் ஒன்றென்று நினைத்துக் கைதட்டினார்கள். கூட்டத்தின் முன்னால் நேசன், கடைசிப் படத்தோடு தயாராக நின்றான்.

அந்தத் தொப்பிப் படத்தை ரஞ்சினிக்கு அனுப்பினேன். நேசன் ஒட்டித் தபாலில் போடுகிறேன் என்று உறையை வாங்கிக்கொண்டு போனான். (அவன் அவ்வளவு உதவிக்காரன் இல்லையே என்று அப்போதே யோசித்திருக்கவேண்டும்.)

ஆறு கிழமையில் பதில் வந்தது.

"தொப்பி போட்ட ஐயாவை எனக்கு ஆரெண்டு தெரியேல்லை. அண்ணன் அதையும் பூதக்கண்ணாடியாலை பாத்திட்டு, உது ஸ்ரூடியோவிலை கீறின கப்பல் எண்டு சொன்னவர். ஆனால் மற்றப் படத்திலை, வட்டக் கண்ணாடிக்குள்ளாலை வாயை ஆவெண்டு கொண்டு முழிக்கிறாரே, அவரை எனக்கு வடிவாத் தெரியும். கலியாணத்தண்டு வேட்டி அவிழப் பாக்கேக்கையும் உதே முழிதான். உந்த மனிசனுக்குப் பொய் பைல் செய்யிற கெட்டித்தனம் இல்லை எண்டு அண்ணனுக்குச் சொல்லிப்போட்டன். அவரும் ஒத்துக்கொண்டிட்டார். நான் காத்துக்கொண்டிருக்கிறன்."

எந்தத் தூதுவருக்கும் இப்படி ஒரு நற்சான்றிதழ் கிடைத்திராது. முழிக்கிற படத்தையும் உறைக்குள் செருகிய நேசனை அடிக்கப் போனவன் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் பைல் அசைந்தது. ரஞ்சினி வந்திறங்கினாள். எங்கள் பைல்கள் கிடந்த இடத்திலேயே கிடந்ததற்கு மேலிடத்து உத்தரவுதான் காரணம் என்பது சில வருடங்களின் பின்னால் அம்பலமாகி, டென்மார்க் அரசாங்கமே பதவி விலகியது. தமையன் அந்தச் செய்தியை வெட்டி அனுப்பியிருந்தார். வந்திறங்கிய அன்று விமானநிலையத்தில் ரஞ்சினி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எங்கை உங்கடை கப்பல்?" ரயிலில் கூட்டிவந்தேன்.

தொப்பிப் படம் அல்பத்துக்குள் எங்கேயோ கிடக்கிறது. முழிக்கிற படம்தான் எங்கள் வரவேற்பறையில், சட்டம் போட்டு, வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற உயரத்தில் தொங்குகிறது. இங்கே பிறந்த மகள், நான் கழிவறையில் கொஞ்சம் சுணங்கினாலும் கதவில் தட்டி டேனிஷில் அறிவிப்பாள், "கப்டன், கப்பல் வெளிக்கிடப் போகுது!" குசினியிலிருந்து ரஞ்சினி வாயாலேயே கப்பல் சங்கு ஊதுவாள்.

நான் கோபிப்பதில்லை. எதற்கும் முதலில் யன்னலால் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொள்வேன், ஊர் நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று.