கொஞ்சந்தானேக்காரர்

மலேசியத் தமிழர்களில் ஒரு வகையினர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு கை, இரண்டு கால், கூடவே ஒரு கரண்டி. பிறக்கும்போதே கரண்டி இருந்ததா என்று தெரியவில்லை. ஆனால் நினைவு தெரிந்த நாளிலிருந்து அதைக் கீழே வைத்ததற்குச் சாட்சி இல்லை. நீங்கள் "போதும்" என்றால் அவர்கள் காதில் "இன்னும்" என்று விழும். "வேண்டாம்" என்றால் "வெட்கப்படுகிறார், பாவம்" என்று விழும். "எனக்கு ஒத்துக்காது, டாக்டர் கூடாதுன்னு சொல்லிட்டாரு" என்று இரண்டு கையாலும் இலையைப் பொத்திக்கொண்டால், விரல் இடுக்கில் சூடாக ஒரு கரண்டி இறங்கும். கூடவே ஒரு வாக்கியமும் இறங்கும்.

"கொஞ்சந்தானே லா! ஒன்னும் ஆகாது!"

இவர்களுக்குக் கொஞ்சந்தானேக்காரர்கள் என்று பெயர் வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல பெயர் உங்களிடம் இருந்தால் விட்டுக்கொடுக்கத் தயார்.

கெட்டவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கெட்டவர்களாக இருந்தால் எவ்வளவு சௌகரியம்! போலீசில் சொல்லலாம். இவர்கள் பாசக்காரர்கள். பாசத்துக்கு எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது?

இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரியைப் பார்க்க விரும்புகிறவர்கள் கிள்ளானுக்குப் போய் தம்புசாமி வீடு எது என்று கேட்க வேண்டும். பார்த்துக் கேளுங்கள். வழி கேட்டு வந்தவர்களையும் அவர் சாப்பிடாமல் அனுப்புவதில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து கண்டெய்னரை அலுங்காமல் இறக்கி வைத்த கை, இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டுக்கறிக் குழம்பை இலையில் இறக்கி வைக்கிறது. இறக்குவதுதான் அவர் தொழில். எதை இறக்குவது என்பது மட்டும்தான் மாறியது. மனைவி காலமான பிறகு சமையலைத் தானே கையில் எடுத்துக்கொண்டவர், ஊரில் யாரும் பசியோடு இருக்கக்கூடாது என்பதில் அரசாங்கத்தைவிட அக்கறையாக இருந்தார்.

இவருடைய மருமகன்தான் விமலன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு அலுவலகத்தில் கணினி பழுது பார்ப்பவர். மெலிந்த, மரியாதையான மனிதர். "மாமா" என்ற சொல்லைத் தவிர மாமனாரிடம் வேறு சொல் பேசி அறியாதவர். கல்யாணமான நாளிலிருந்து தம்புசாமி போட்டதையெல்லாம் சாப்பிட்டார். சாப்பிட்டபின் மூக்கு ஒழுகும், கை தடிக்கும், இமை வீங்கும். குடும்பத்தில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான் வைத்திருந்தார்கள்: உடம்பு சூடு. சூட்டுக்கு இளநீர் கொடுத்தார்கள். எண்ணெய் தேய்த்தார்கள். சூடு இளநீருக்கெல்லாம் அடங்குகிறதாக இல்லை.

ஒருநாள் காலை, கடையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டுவிட்டு அலுவலகத்துக்கு நடந்த விமலன், கதவைத் திறப்பதற்காக வாசல் கேமராவில் முகத்தைக் காட்டினார். கேமரா அவரை அடையாளம் தெரியாது என்று சொல்லிவிட்டது. அவ்வளவு வீக்கம். தாமரை, அதாவது அவர் மனைவி, அன்றைக்கே அவரை ஒரு ஒவ்வாமை நிபுணரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள், தோலில் குத்திப் பார்த்தார்கள். முடிவு வந்தது. நிலக்கடலை, கோதுமை, பால், முட்டை, இறால். எதுவும் ஆகாது. நிலக்கடலை மட்டும் உயிருக்கே ஆபத்து என்று தாமரையிடம் ஓர் அவசர ஊசியையும் கொடுத்தனுப்பினார்கள்.

"மத்தது எல்லாம் நீங்க தாராளமா சாப்பிடலாம்" என்றார் டாக்டரம்மா.

"மத்ததுன்னா என்னா டாக்டர்?" என்று கேட்டார் விமலன். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

யோசித்துப் பாருங்கள். ரொட்டி சானாயில் கோதுமை, போச்சு. மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸிலும் கோதுமை, போச்சு. தே தாரிக்கில் பால், போச்சு. நாசி லெமாக்கில் கச்சான் என்கிற நிலக்கடலையும் முட்டையும் கண்ணுக்குத் தெரிந்தே உட்கார்ந்திருக்கின்றன; சம்பாலுக்குள்ளே இறால் பெலாச்சானாக மாறுவேடம் போட்டு ஒளிந்திருக்கிறது. தாமரை பாசார் சந்தையிலும் பேரங்காடியிலும் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பித் திருப்பிப் படித்தாள். வீட்டிலிருந்த பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதைக் கண்டுபிடித்த அன்று சமையலறையில் நின்று அழுதே விட்டாள். பெருங்காயமே துரோகம் செய்தால் மனிதன் யாரை நம்புவது?

கடைசியில் மிஞ்சியது இட்லி. காலையில் இட்லி, மதியம் சோறும் பருப்பும், இரவில் மறுபடி இட்லி. சில வாரங்களில் விமலன் இட்லியைப் பார்த்தால் இட்லியே கண்ணைத் தாழ்த்திக்கொள்ளும் நிலை வந்தது. ஆனால் மூக்கு ஒழுகவில்லை. இமை வீங்கவில்லை. இரவில் நன்றாகத் தூங்கினார். கேமரா கதவைத் திறந்தது. தனக்கு இப்படி ஒரு முகம் இருக்கிறது என்பதையே அப்போதுதான் தெரிந்துகொண்டதாக என்னிடம் சொன்னார்.

செய்தி கிள்ளானுக்குப் போனது.

"அலர்ஜிங்கிறது மனசுல இருக்கு மாப்ள" என்றார் தம்புசாமி.

"இல்ல மாமா, ரத்தத்துல இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க."

"டாக்டர் யாரு? சின்ன வயசா?"

"வயசு தெரியல மாமா. பொம்பள டாக்டர்."

"சமைக்கத் தெரியுமா அவங்களுக்கு?"

இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகில் பதில் இல்லை.

இனி கவனியுங்கள். கொஞ்சந்தானேக்காரர் சண்டை போடமாட்டார். சம்மதிப்பார். "சரி மாப்ள, உங்களுக்கு ஆகாதுன்னா ஆகாதுதான்" என்று தலையாட்டுவார். அப்புறம் தன் கைவரிசையைக் காட்டுவார். முட்டை போட்ட மீயைச் சமைத்து, முட்டையை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, "முட்டை இல்லாத மீ" என்று நீட்டுவார். மீயே கோதுமை என்று சொன்னால், "அது மஞ்சளா இருக்கே, கோதுமை வெள்ளையால்ல இருக்கும்?" என்பார். பால் இல்லாத டீ கேட்டால் நிறம் மாறிய ஒன்று வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் வந்தது.

"மாமா, இதுல பால் இருக்கே?"

"பால் எங்க மாப்ள இருக்கு? சூசு தான் ஊத்துனேன்."

மலாய் மொழியில் சூசு என்றால் பால்தான் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பெயர் மாறினால் குணமும் மாறும் என்பது அவர் நம்பிக்கை.

விமலன் எழுந்துபோய்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் குடித்தார். அடுத்த ஞாயிறு வந்தபோது சொந்தமாகச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்தார். அதைத் திறந்ததும் தம்புசாமியின் முகம் விழுந்ததைத் தாமரை பார்த்தாள். அவர் பின்கட்டுக்குப் போய், கழுவிய பானையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவருக்கு உங்க சமையல் பிடிக்கும்ப்பா. உடம்புக்குத்தான் ஆகல."

"தெரியும் மா" என்றார், பானையைப் பார்த்தபடியே. "ஊரே என் கையால சாப்பிடுது. மருமகன் டப்பா கொண்டாறாரு."

இதைக் கேட்டு எனக்கும் மனசு இளகியது. இளகும் சமயத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தாமரையின் தம்பி பிரவினுக்கு ரவாங்கில் பெண் பார்த்திருந்தார்கள். பெண் பெயர் புனிதா. அவளுடைய அம்மா இராஜம்மா, பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. குறைவாகப் பேசி நிறைய கவனிப்பவர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். நல்ல நேரம் பிற்பகலில் இருந்ததால் சாப்பாடு முதலில், தட்டு மாற்றுவது பிறகு என்று ஏற்பாடு. சமையல் யார்? கேட்கவே வேண்டாம்.

விமலனுக்குத் தனிப் பானை என்று தம்புசாமி மகளிடம் சத்தியம் செய்திருந்தார். சத்தியத்தை மீறவும் இல்லை. தனிப் பானை வைத்தார், தனி எண்ணெய் ஊற்றினார், காய்கறிக் குருமா வைத்தார். இறக்கும்போது ருசி பார்த்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. குருமா சப்பென்று இருந்தது. அவருடைய குருமா கெட்டியாக, மணமாக இருப்பதற்குக் காரணமே வறுத்து அரைத்த கச்சான்தான். மருமகனுக்குச் சப்பென்று ஒன்றைக் கொடுப்பதா? அதுவும் சம்பந்தி வீட்டார் முன்னால்? கரண்டி தானாகவே பக்கத்துப் பாத்திரத்துக்குப் போய், கச்சான் விழுதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. கொஞ்சந்தானே?

விமலன் தனிப் பானையை நம்பிச் சாப்பிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு ருசியான ஒன்று நாக்கில் பட்டதில் சந்தேகம் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் அரைத் தட்டு காலி. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்புசாமிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தோஷமான விஷயம். எங்க மாப்ள விமலன் கச்சான் ஆகாது, கச்சான் ஆகாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. இப்ப அவர் சாப்பிட்ட குருமாவுல நான் கச்சான் போட்டேன்! நீங்களே பாருங்க, ஆளு எப்படி இருக்காருன்னு!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

ஆள் எப்படி இருந்தார்? உதடுகள் இரண்டும் அவரை விட்டுவிட்டு முன்னால் புறப்பட்டிருந்தன. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு. கழுத்தெல்லாம் சிவப்பு. விஷயம் புரியாத ஒரு ஆன்டி கைதட்டினார்.

விமலன் மனைவியைத் தேடிக் கையை நீட்டினார். நாக்கு தடித்து வாய் நிறைந்துவிட்டது. "தாமதே! ஊதி! ஊதி!" என்றார்.

ஊசி என்று சொல்ல வந்தவர். ஆனால் பக்கத்தில் இருந்த அங்கிள் உதவி செய்யும் குணமுள்ளவர். உடனே குனிந்து விமலனின் முகத்தில் பூ, பூ என்று ஊத ஆரம்பித்தார். அவர் ஊதுவதைப் பார்த்து இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள். தாமரை பட்டுப்புடவையை மடித்துக்கொண்டு ஓடி வந்து, ஊதிக்கொண்டிருந்தவர்களை இரண்டு முழங்கையாலும் விலக்கி, கைப்பையிலிருந்து அவசர ஊசியை எடுத்து, வேட்டிக்கு மேலேயே கணவன் தொடையில் ஓங்கிக் குத்தினாள்.

மகள் மருமகனைக் குத்துவதை மட்டும் பார்த்த தம்புசாமி, மைக்கோடு சாய்ந்தார். ஒலிபெருக்கியில் அந்தச் சத்தம் மண்டபத்தையே உலுக்கியது.

ஒருவரை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ் இருவரை ஏற்றிக்கொண்டு போனது. மருந்து நேரத்துக்கு உள்ளே போனதால் விமலனுக்கு மூச்சு சீரானது; ஆனாலும் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் தம்புசாமிக்கு மயக்கம் தெளிந்தது. எழுந்து உட்கார்ந்தவர், மருமகனின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழந்தை மாதிரி அழுதார்.

"மாப்ள, நான் நம்பல மாப்ள. நீங்க என்னைப் பிடிக்காமத்தான் டப்பா கொண்டாறீங்கன்னு நெனச்சேன்."

விமலன் வீங்கிய வாயைச் சிரமப்பட்டுத் திறந்தார். "குதுமா நல்லா இதுந்துது மாமா" என்றார். மரியாதைக்குச் சொல்லவில்லையாம். உண்மையாகவே நன்றாக இருந்ததாம். அதுதான் அவருக்கு வருத்தம்.

அப்போதுதான் இராஜம்மா மகளையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் பிரவின், முகத்தில் ரத்தமே இல்லாமல். தட்டு இன்னும் மாறவில்லை என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது.

"அண்ணே" என்றார் இராஜம்மா, "எம் பொண்ணுக்கு இறால் ஆகாது. நிச்சயம் முடிஞ்சதும் பக்குவமா சொல்லலாம்னு இருந்தோம். இப்பவே சொல்லிடறேன். உங்க வீட்டுல எம் பொண்ணு உசுரோட இருப்பாளா?"

பிரவின் அப்பாவைப் பார்த்தான். ஊருக்கே பதில் வைத்திருக்கும் தம்புசாமி கையைப் பிசைந்தார். மருமகனைப் பார்த்தார். பிறகு புனிதாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"இறால் மட்டுமா மா? பெலாச்சானும் ஆகாதா?"

"அதுவும் ஆகாது அங்கிள்."

"இறால் பொரிச்ச எண்ணெயில வேற ஏதாச்சும் பொரிச்சா?"

"அதுவும்தான் அங்கிள்."

"அப்ப சட்டியே வேற வாங்கணும்" என்றார் தம்புசாமி, தனக்குத்தானே.

தன் வாழ்நாளில் ஒருவரிடம் என்ன கூடாது என்று அவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. இராஜம்மா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். புனிதாவோ, தன்னிடம் இப்படி யாரும் கேட்டதே இல்லை என்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி அண்ணே, தட்டு மாத்திக்குவோம்" என்றார் இராஜம்மா. "ஆனா ரவாங்குல, எங்க வீட்டுல. சமையலும் நாங்கதான்."

அப்படியே நடந்தது. பிரவினுக்கும் புனிதாவுக்கும் இப்போது கல்யாணமே முடிந்துவிட்டது.

தம்புசாமி திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். திருந்திவிட்டார். அதுதான் இப்போதைய பிரச்சினை. பந்திங் ஊரில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து, இலைக்கு மேலே இரண்டு கையையும் கூரை மாதிரி விரித்துப் பிடித்திருந்தார். பரிமாறுகிறவர் வந்தால், "நில்லு! இந்தக் கரண்டி இதுக்கு முன்னால எந்த வாளியில இருந்துச்சு?" என்று விசாரணை. நேராகச் சமையல்கட்டுக்குப் போய், பெருங்காய டப்பாவைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு வந்தார். எதிர்வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர் இருமியதும், "உங்களுக்கும் கச்சானா?" என்று எழுந்து ஓடினார். அவருக்குச் சாதாரண இருமல்தான்.

"மாமா, வெறும் சோறு மாமா. பசிக்குது" என்றார் விமலன்.

"சோறு சரி மாப்ள. ஆனா வடிச்ச பானையை நான் பார்க்கல."

கடைசியில் விமலன் காருக்குப் போய், தாமரை அவித்துக் கொடுத்திருந்த மரவள்ளிக் கிழங்கைத் தின்றார். கார் கதவுக்கு வெளியே காவலுக்கு நின்றவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, "ஐயோ, இப்படியும் மனிதர்களா" என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள், இல்லையா? சிரியுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். விமலன் மூன்று வேளையும் இட்லியோடு படும் பாட்டைப் படித்தபோது, "பாவம், அந்தப் பெண் ஒருநாளாவது ரவை உப்புமா கிண்டிக் கொடுக்கக்கூடாதா?" என்று உங்கள் மனதில் இரக்கமாக ஒரு குரல் எழுந்ததா?

பரவாயில்லை, வெளியே சொல்ல வேண்டாம். ரவையும் கோதுமைதான் ஐயா.